நடைமேடை விளக்குகள்: நாட்குறிப்பு

ஜூன் 8

அப்பாவின் கண்புரை அறுவைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். முதலில் வலது கண். அது ஆறிய பிறகுதான் இடது.

அதற்குள் நான் செய்யும் மாதிரி ரயில் நிலையத்தில் நடைமேடை விளக்குகள் எரிந்தாக வேண்டும்.

ஜூன் 9

1:87 அளவில் ஐந்து மீட்டர் விளக்குக் கம்பம் 57 மில்லிமீட்டர்தான் வருகிறது. உச்சியில் உட்காரும் எல்இடி 1.6க்கு 0.8 மில்லிமீட்டர். இடுக்கியால் அழுத்திப் பிடித்தால் தெறித்து ஓடிவிடும், அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது நடக்காத காரியம். மேசையில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, அதன்மேல் மல்லாத்திப் படுக்க வைத்தால் அசையாது. இரண்டு முனையிலும் முதலில் துளி ஈயம். பிறகு தலைமுடி போன்ற எனாமல் கம்பி. எனாமல் இருக்கும்வரை ஈயம் பிடிக்காது. சால்டரிங் அயர்ன் முனையில் பெரிய ஈயச் சொட்டாக வைத்து, கம்பி நுனியை அதற்குள் செருகிக் காத்திருக்க வேண்டும். லேசாகப் புகை எழும், நுனி பளபளவென்று வெள்ளியாகிவிடும். அந்தச் சில விநாடிகள் மனதில் வேறு எதுவும் இல்லை.

ஜூன் 11

சர்க்கரை அளவு சரியாக இருக்கிறதாம். தேதி மாறாது.

ஜூன் 12

எந்த வெள்ளை என்பதில் இன்னும் முடிவு வரவில்லை. கெல்வின் எண் கூடக்கூட வெள்ளையில் நீலம் கூடும். 3000 கெல்வின் வார்ம் ஒயிட் ஒரு கம்பத்தில், 6000க்கு மேலான கூல் ஒயிட் பக்கத்துக் கம்பத்தில். அறை விளக்கை அணைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானேடா?"

எனக்கு ஒன்று மஞ்சள் வெயில், இன்னொன்று கண்ணைக் குத்துகிற நீலம். வெள்ளை எல்இடிக்குள் இருப்பது நீல ஒளி தரும் சில்லுதான். மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருள் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி வேறு நிறமாகத் தருகிறது, அதனால்தான் அணைந்திருக்கும்போதும் மஞ்சளாகத் தெரிகிறது. புரை விழுந்த கண்ணில் லென்ஸே மஞ்சளாகிவிடுகிறது. நீலம் உள்ளே போவதற்கு முன்பே வடிகட்டப்படுகிறது. எத்தனை வருடமாக இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்? ஒருநாளும் சொன்னதில்லையே. அவருக்கே தெரிந்திருக்காது.

ஜூன் 13

மின்னோட்டத்தை மட்டுப்படுத்த எல்லா விளக்குக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போதாதா என்று தம்பி கேட்டான். ஈயம் வைக்காமல் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் செய்து காட்டினேன். சிவப்பு எல்இடியையும் வெள்ளையையும் இணையாக வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர். சிவப்பு மட்டும் எரிந்தது. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், வெள்ளைக்கு 3 வேண்டும். சிவப்பு பக்கத்திலேயே வழிவிட்டு உட்கார்ந்திருக்கும்போது வோல்டேஜ் 2க்கு மேல் ஏறவே ஏறாது. ஒரே நிறமாக இருந்தாலும் ஒன்று கூடுதலாக இழுக்கும், ஒன்று மங்கும். ஆளுக்கொரு ரெசிஸ்டர் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடாப்டர் 12 வோல்ட். அதில் வெள்ளைக்கு 3 போனால் மீதி 9. நடைமேடைக்கு 2 மில்லிஆம்பியர் தாராளம். 9ஐ 0.002ஆல் வகுத்தால் 4500 ஓம், கடையில் கிடைப்பது 4.7 கிலோ ஓம். 20 மில்லிஆம்பியர் தாங்கும் என்பதற்காக 20 கொடுத்தால் நிலையமே வெல்டிங் பட்டறையாகிவிடும். இந்த அளவுக்குச் சுருக்கிய உலகத்தில் வெளிச்சத்தையும் சுருக்க வேண்டும். மின்கம்பிகளைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 14

ரெசிஸ்டர்களைப் பிரித்து வைக்க அப்பா உட்கார்ந்தார். ரெசிஸ்டர் மேல் நிறத்துக்கு ஓர் எண்ணாக அதன் அளவைச் சொல்லும் வண்ணக் கோடுகளைப் படிக்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். மஞ்சள், பழுப்பு, சிவப்பு என்று படித்தார். நிறுத்தினார். "4.1னு ஒண்ணு கடையில கிடைக்கிற இந்த வரிசையில வராது. அப்ப இது ஊதா. 4.7." கண்ணால் பார்க்கவில்லை, கணக்கால் பார்த்தார். நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூன் 16

மாதிரி நிலையத்தில் காத்திருக்கும் அறையின் சுவர் முழுவதும் ஒளிர்கிறது. பிளாஸ்டிக் அவ்வளவு மெல்லியது. உள்பக்கம் கறுப்பு ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே வெள்ளை. கூரை ஓரத்தில் இன்னும் ஒரு கீற்று கசிகிறது.

ஜூன் 18

நாளை காலை.

ஜூன் 19

முடிந்தது. நல்லபடியாக. தூங்குகிறார்.

ஜூன் 20

கண்ணை மூடியிருந்த கவசத்தை எடுத்தார்கள். சொட்டு மருந்து இரண்டு, ஒன்றுக்கும் மற்றதற்கும் ஐந்து நிமிட இடைவெளி. குனியக் கூடாது என்றார்கள். மாதிரி நிலையம் தாழ்வான மேசையில் இருக்கிறது, நாளைக்கு அதை உயர்த்த வேண்டும்.

சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்தாயிற்று. கூரைக் கசிவு அப்படியே இருக்கிறது.

ஜூன் 23

நிலையம் இப்போது அவர் மார்பளவு உயரத்தில். அதே இரண்டு கம்பங்கள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு வலதைப் பொத்திக்கொண்டு. பிறகு மறுபடியும் இடதை.

"இது நீலம்டா! இவ்வளவு நீலமா?"

கூல் ஒயிட்டைச் சொல்கிறார். இடது கண்ணுக்கு அது இன்னும் பழைய மஞ்சள். மேசையில் கிடந்த ஒரு ரெசிஸ்டரை எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, மஞ்சள், ஊதா, சிவப்பு என்று தயங்காமல் படித்தார். சாப்பிடும்போதும் ஒரு கண்ணைப் பொத்திப் பொத்தி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 24

தூக்கம் வரவில்லை. எனக்கு வார்ம் ஒயிட்தான் சரியாகத் தெரிகிறது. ஆனால் இந்த நடைமேடை அவருக்காக. இடது கண்ணும் முடிந்து, மூளைக்குப் புது வெள்ளை பழகிய பிறகு அவருக்கு எது பிடிக்கும்? இப்போது கேட்டால் நீலம் என்பார், அது புதிது என்பதால். கம்பங்களைப் பசை போட்டு ஒட்டப் போவதில்லை. அடியில் இரண்டு முள் வைத்து, பலகையில் சாக்கெட்டில் செருகுகிற மாதிரி செய்கிறேன். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ரெசிஸ்டர் பலகைக்கு அடியிலேயே இருக்கும். இரண்டு வெள்ளைக்கும் வோல்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான், 4.7 இரண்டுக்கும் பொருந்தும்.

ஜூன் 25

சாக்கெட் வேலை பாதி முடிந்தது. இரண்டாவது கண்ணுக்குத் தேதி கேட்டு நாளை போன் செய்ய வேண்டும். கூரைக்குக் கறுப்பு பெயிண்ட் தீர்ந்துவிட்டது.