உவர் நிலத்தில் பார்லி எண்ணும் வேலை

டெல்லியில் விவசாய ஆராய்ச்சியில் வேலை என்றால் முனிர்க்கா பக்கம் நம்ம ஆட்கள் "கோதுமையா?" என்று கேட்பார்கள். பார்லி என்றதும் ஒரு சிரிப்பு. கால் வீங்கினால் குடிக்கும் கஞ்சி ஒன்று, பீர் ஒன்று, நமக்குத் தெரிந்த பார்லி இவ்வளவுதான். ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அது கோதுமை சரியாக வராத நிலத்தில் போடுகிற பயிர். எங்களுக்கு அதில் இருக்கும் ஆர்வமும் அதனால்தான்.

நாட்டில் உப்பு பாதித்த நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர். மண்ணின் உப்பை மின்கடத்துத் திறனை வைத்து அளப்போம். மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர் மண். மாஸ், ஹாஃப்மன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1977-ல் போட்ட கணக்கில் நெல்லுக்கு 3-லேயே விளைச்சல் சரியத் தொடங்கும். கோதுமை 6 வரை தாங்கும், பார்லி 8 வரை. அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் நெல் 12 சதவீதம் இழக்கும், பார்லி 5 சதவீதம்தான்.

அப்படியானால் நூறு ரகத்தை உவர் வயலில் விதைத்து, அறுத்து, எடை போட்டு, அதிகம் வந்ததை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் கேட்கிற கேள்வி. ஹரியானாவில் உவர் வயல் ஒன்றை நேரில் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். ஓரிடத்தில் முழங்காலுக்கு மேல் பயிர். நாலு எட்டு தள்ளி வெள்ளை பூத்த தரை, விதை முளைக்கவே இல்லை. உப்பு அப்படித் திட்டுத் திட்டாகக் கிடக்கும். அங்கே எடுக்கும் எடையில் ரகத்தின் குணம் எவ்வளவு, அந்தத் துண்டு மண்ணின் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரிப்பது பெரும்பாடு. அதனால்தான் எடையோடு சேர்த்து, அந்த எடையை உண்டாக்குகிற குணங்களையும் அளக்கிறோம்: தூர் (அடியிலிருந்து வெடிக்கும் பக்கத் தண்டு), கதிர், கதிருக்கு எத்தனை மணி, ஆயிரம் மணி எடை, பூக்கும் நாள், உயரம், கதிருக்குக் கீழே கடைசியாக வரும் கண்ணாடி இலை எவ்வளவு நாள் பச்சையாக நிற்கிறது என்பது வரை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் திருவாரூர்த் தம்பி ஒருவன் இருக்கிறான். இலையைக் கரைத்து ஃபிளேம் ஃபோட்டோமீட்டரில் சோடியம் பார்ப்பதில் அவனுக்குத் தனிப் பிரியம். "அண்ணே, சோடியம் குறைவா இருக்கிற ரகத்தை எடுத்தா போதாதா?" என்பான். கோதுமையில் அந்தப் பேச்சுக்கு ஓரளவு இடம் உண்டு, அது சோடியத்தை இலைக்கு வராமல் தடுக்கிற பயிர். பார்லி அப்படியில்லை. இலைக்குள் நிறையவே விட்டுக்கொண்டு, செல்லுக்குள் இருக்கும் குமிழறையில் பூட்டி வைத்துவிடும். அதனால் இலையில் சோடியம் அதிகம் என்பதை மட்டும் வைத்து ஒரு பார்லி ரகத்தைத் தள்ளிவிட முடியாது. பொட்டாசியத்தை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் கட்சி வேறு. குனிந்து கதிர் எண்ணுவதுதான் இந்த வேலையில் அதிகம் சொல்லித் தரும் பகுதி என்று நினைக்கிறேன். உப்பு முதலில் செய்கிற காரியம், வேர் தண்ணீர் இழுப்பதைக் கடினமாக்குவது. இளம் பயிரில் இது நடந்தால் புதுத் தூர் வெடிப்பது குறையும். தூர் குறைந்தால் கதிர் குறையும். இலையில் உப்பு ஏறி முதிர்ந்த இலைகள் காய்வது அதற்கப்புறம் வரும் கதை. அது மணி பால் பிடிப்பதைக் கெடுக்கும். பெரும்பாலும் அடிவாங்குவது மணிகளின் எண்ணிக்கைதான், தனி மணியின் எடை அவ்வளவு விழாது. தாமதமாக வெடிக்கும் தூரை நம்பிப் பயனில்லை, மார்ச் வெயிலில் அது பதராகத்தான் முடியும்.

கணினியில் உட்கார்ந்தால் வேறு தகராறு. உயரமான ரகம் அதிகம் விளைகிறது என்று அட்டவணை காட்டும். உயரம்தான் காரணமா, இல்லை உப்பு குறைந்த இடத்தில் நின்றதால் உயரமும் விளைச்சலும் சேர்ந்தே வந்ததா? நேரடி விளைவு, மறைமுக விளைவு என்று பிரித்துப் பார்க்கும் பாதைப் பகுப்பாய்வு கொஞ்சம் உதவும். ஆனால் மண்ணின் உப்பு கணக்கிலேயே இல்லாதபோது அதுவும் கைவிட்டுவிடும்.

அதனால் நவம்பர் விதைப்புக்கு முன் ஒவ்வொரு துண்டிலும் மண் எடுத்து அளக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஆள் இல்லை, செலவு அதிகம் என்று பதில் வந்தது. சரி, வயல் முழுக்க இடைவெளி விட்டு, குணம் தெரிந்த ஒரே ரகத்தைத் திரும்பத் திரும்ப விதைக்கலாம் என்று பேசி முடித்திருக்கிறோம். அது எங்கே குன்றுகிறதோ அங்கே உப்பு அதிகம் என்று வைத்துப் பக்கத்துத் துண்டுகளின் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். தம்பிக்கு இதில் முழு சம்மதமில்லை. சோடியத்துக்கும் மாதிரி எடுத்தே தீருவேன் என்கிறான், எடுக்கட்டும்.