பேக்கேஜை மாற்றாதீர்கள், முதலில் ரவுட்டரை இடம் மாற்றி வையுங்கள்

மலேசியாவில் செந்தூலோ ஜெலுத்தோங்கோ, வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரெஸ் வீடுகளில் எழுகிற புகார் ஒன்றுதான். ஹாலில் வைஃபை லைன் நன்றாக இருக்கிறது, சமையலறைக்குப் போனால் படம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உடனே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைய பேக்கேஜை 300க்கு ஏற்றுகிறார்கள். கட்டணம் ஏறும், சமையலறையில் சுற்றுவது நிற்காது.

குற்றம் வீட்டின் வடிவத்தில் இருக்கிறது. அகலம் 20 அடி என்றால் நீளம் 60, 70 அடி. ஃபைபர் வாசல் பக்கமாக வருவதால் ரவுட்டரும் அங்கேயே, பெரும்பாலும் டிவி அலமாரிக்குள், தங்கிவிடுகிறது. வைஃபை அலை நாலா பக்கமும் பரவக்கூடியது. வாசலில் வைத்தால் பாதி அலை கார் நிற்கிற இடத்துக்குத்தான் போகும். மீதிப் பாதி இரண்டு மூன்று செங்கல் சுவர்களையும் மாடிப்படியின் கான்கிரீட்டையும் தாண்டி ஓய்ந்துபோய் சமையலறைக்கு வரும். நடுவில் ஐஸ்பெட்டியோ மீன் தொட்டியோ ஆளுயரக் கண்ணாடியோ இருந்தால் இன்னும் மோசம். உலோகமும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அனுப்பும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும்.

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாகச் செருகி வேகத்தை அளந்து பாருங்கள். பேக்கேஜில் சொன்ன வேகம் ஏறக்குறைய வந்தால் வீட்டுக்கு வரும் லைன் சரி, வைஃபைதான் சிக்கல். 300 பேக்கேஜில் 94, 95க்கு மேல் ஏறவே மறுக்கிறதா? கேபிளைச் சந்தேகப்படுங்கள். அதற்குள் 8 கம்பிகள் உண்டு; எட்டும் வேலை செய்தால்தான் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம். ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடக்கூடும். பழைய மடிக்கணினியின் லேன் துளையே 100 அளவுதான் என்றாலும் இதே எண்தான் வரும். புதிய கேபிளுக்கு கேட் 5ஈ (Cat 5e) ரகம் போதும். 100 மீட்டர் வரை 1 கிகாபிட்டைத் தாங்கும். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் கணினிக் கடைக்காரர் அதற்கு மேல் எதையாவது நீட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று: 100 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். கோப்பு இறங்கும்போது 12 என்று காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை.

மோடம், அதாவது ஃபைபர் செருகியிருக்கும் பெட்டி, ஃபைபர் முடிகிற இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து நீளமான லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை மட்டும் வீட்டின் நடுவுக்கு, மாடிப்படி ஓரமாக, 5 அடி உயரத்தில் திறந்த வெளியில் வையுங்கள். கேபிள் இழுக்க வழியில்லாதவர்கள், வைஃபை அலையை வாங்கித் திரும்பப் பரப்பும் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். வாங்கியதும் லைனே வராத சமையலறையில் அதைச் செருகுவதுதான் தப்பு. தனக்கே கிடைக்காததை அது எங்கிருந்து கொடுக்கும்? லைன் இன்னும் நன்றாக இருக்கிற பாதி வழியில் செருகுங்கள். அப்போதும் மலிவான ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும், ஏனென்றால் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில்.

கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) கதை வேறு. அங்கே சுவரைவிட அண்டை வீட்டார் ரவுட்டர்கள்தான் தொல்லை. பெரும்பாலான ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தரும். முடிந்தவரை 5 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். தூரம் குறைவு, ஆனால் நெரிசல் குறைவு, வேகம் அதிகம். மலிவான சிசிடிவி, ஸ்மார்ட் பல்புகளில் பல 2.4 மட்டுமே அறியும். அதனால் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைப்பது நல்லது. பிரவுசரில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டினால் ரவுட்டரின் பக்கம் திறக்கும். சரியான முகவரியும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் அடியில் ஒட்டியிருக்கும். 2.4க்கு சேனல் 1, 6, 11 இவற்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். மற்ற சேனல்கள் இரு பக்கமும் இடிக்கும்.

ரவுட்டர் பின்னால் குண்டூசி நுழையும் துளை ஒன்று இருக்கும். லைன் போனால் அதைக் குத்தாதீர்கள். அது ரீசெட், இணைய நிறுவனம் போட்டுத் தந்த சந்தா விவரம்கூட அழிந்துவிடும். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. மோடத்தில் ‘லாஸ்’ (LOS, ஃபைபரில் சிக்னல் இல்லை என்ற எச்சரிக்கை) விளக்கு சிவப்பாக எரிந்தால் நீங்கள் செய்ய அதிகமில்லை: ஃபைபர் சோபாவுக்கு அடியில் நசுங்கியோ மடிந்தோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுவனத்தை அழையுங்கள்.

சாயங்கால இடி மழைக்கு மோடம், ரவுட்டர் இரண்டின் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. அதைத் தொட வேண்டாம். மழை விட்டதும் மோடத்தை முதலில் போட்டு, விளக்குகள் நிலைக்க இரண்டு மூன்று நிமிடம் விட்டு, பிறகு ரவுட்டரைப் போடுங்கள்.