அனுமதி மறுப்பை எழுத்தில் வாங்கினோம்

2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் ஊராட்சியை அருகிலுள்ள நகராட்சியோடு இணைக்கப்போவதாகச் செய்தி வந்தபோது, எங்களுக்காகப் பேசத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. ஊராட்சிப் பிரதிநிதிகளின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் அரசு நியமித்த தனி அலுவலர் கைக்குப் போயிருந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்ற கவலை கட்சி வேறுபாடில்லாமல் எல்லா வீடுகளிலும் இருந்தது. ஜனவரி 26 கிராம சபையில் இணைப்பு வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். அதற்குப் பதில் ஏதும் வராததால், ஊர் மந்தையில் பொதுக்கூட்டம் நடத்த முடிவு செய்தோம்.

கடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்த இருவரை, ஆளுங்கட்சிக்காரரான என் சித்தப்பாவையும் எதிர்க்கட்சிக்காரரான மாமாவையும், அனுமதி மனுவில் முதல் இரண்டு கையெழுத்துகளைப் போட வைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. "அவன் போட்டா நானும் போடுறேன்" என்று இரண்டு பேருமே சொன்னார்கள். இடம், நேரம், பேசுவோர் பெயர், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி விவரம் ஆகியவற்றோடு மனுவைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் கூறினார்கள். மூன்றாம் நாள், அனுமதி கிடையாது, மீறிக் கூடினால் வழக்குப் பாயும் என்று தொலைபேசியில் தெரிவித்தார்கள்.

நாங்கள் சோர்ந்துபோனது அப்போதுதான். ஆனால் எங்கள் வழக்கறிஞர் கேட்ட முதல் கேள்வி, "மறுத்த உத்தரவு எங்கேம்மா?" என்பதுதான். வாய்ச்சொல்லாக வந்த மறுப்பில் காரணமும் இருக்காது, கையெழுத்தும் இருக்காது. பிறகு அப்படிச் சொல்லவே இல்லை என்றும் கூறிவிடலாம். எனவே அதே மனுவை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் உயர் அதிகாரிகளுக்கும் அனுப்பி, எழுத்துப்பூர்வமான பதிலைக் கேட்டோம். நான்கு நாளில் ஒரு பக்க உத்தரவு வந்தது. கூட்டம் நடந்தால் ஊரிலுள்ள இரு கட்சியினரிடையே மோதல் ஏற்பட்டுச் சட்டம் ஒழுங்கு கெடும் என்று அதில் எழுதியிருந்தது. மோதிக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்ட அந்த இரு தரப்பும்தான் மனுவில் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டிருந்தன. எங்களுக்குள் இருந்த பிளவை, எங்கள் வாயை அடைக்கும் காரணமாக எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு தாக்கல் செய்தோம். கூட்டத் தேதி நெருங்கிவிட்டதால், அது கடந்துபோனால் மனுவே பயனற்றுப் போகும் என்று சொல்லி, வழக்கறிஞர் லஞ்ச் மோஷனாக, அதாவது அன்றே மதிய இடைவேளைக்குப் பின் அவசர வழக்காக, விசாரிக்க அனுமதி பெற்றார். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19(1)(b) பிரிவு தருகிறது என்பதையும், 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு கூட்டங்களை ஒழுங்குபடுத்துவதற்கானதே தவிர அடியோடு தடுப்பதற்கானதன்று என்பதையும் அவர் முன்வைத்தார். பொதுவீதியில் கூட்டமே கூடாது என்ற நிலையை ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றத்தின் ஹிமத்லால் ஷா வழக்குத் தீர்ப்பை எடுத்துக்காட்டினார். எதிர்ப்பும் வன்முறையும் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை ஒடுக்க முடியாது என்று ஒரு தமிழ்த் திரைப்பட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989இல் கூறியதையும் படித்துக் காட்டினார். முன்பு மோதல் நடந்ததாக ஏதேனும் வழக்குப் பதிவாகியிருக்கிறதா என்று நீதிபதி கேட்டபோது, அரசுத் தரப்பில் காட்ட எதுவும் இல்லை.

மூன்று மணி நேரம், பாக்ஸ் ஸ்பீக்கர் மட்டும், தனிநபரைத் தாக்கிப் பேசக் கூடாது என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. அவற்றை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தோம். காவலர்கள் முழுவதையும் வீடியோ எடுத்தார்கள். மாமா பேசி முடித்ததும் ஒலிவாங்கியைச் சித்தப்பாவிடம் நேராகக் கையில் கொடுத்தார்.

மறுநாள் கூட்டத்தின் தீர்மானத்தை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்தோம். பணியாளர் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, போகலாம் என்றார். சித்தப்பா நகரவில்லை, கையிலிருந்த நகலை நீட்டி, "இதுல ஒரு சீலும் தேதியும் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு நின்றார்.