பொரோஷென்கோ விற்காமல் வைத்திருந்த கம்பெனி

நான் மருத்துவம் படித்த உக்ரைன் நகரமான வின்னிட்சியாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோஷென் என்ற மிட்டாய்க் கம்பெனிதான். தெற்கு புக் ஆற்றில் 2011-ல் அந்தக் கம்பெனி கட்டிய நீரூற்றைப் பார்க்க, கோடைக்கால ராத்திரிகளில் கரையே நிரம்பிவிடும். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது எங்கள் பெட்டிகளில் பாதி அவர்களுடைய மிட்டாய்தான் இருக்கும். அதன் முதலாளி, உக்ரைனின் முன்னாள் அதிபர் பொரோஷென்கோ. அந்தப் பெயரின் நடுத்துண்டுதான் ரோஷென்.

பெட்ரோ பொரோஷென்கோ 1965-ல் ஒடேசா பகுதியிலுள்ள போல்ஹ்ராடில் பிறந்தவர். கீவ் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் படித்தார். சோவியத் உடைந்த சமயத்தில் கொக்கோ கொட்டை வியாபாரத்தில் இறங்கி, பிறகு தள்ளாடிக்கொண்டிருந்த மிட்டாய் ஆலைகளை ஒவ்வொன்றாகத் தன் கைக்குக் கொண்டுவந்தார். 1996-ல் ரோஷென் உருவானது. 1998-ல் எங்கள் வின்னிட்சியா தொகுதியிலிருந்தே நாடாளுமன்றம் போனார்.

அரசியலில் அவர் மாறாத அணி இல்லை. ரஷ்யா பக்கம் சாய்ந்த தலைவர் யானுகோவிச்சின் கட்சி உருவானபோது அதில் அவர் கையும் இருந்தது. பிறகு அவருக்கு எதிரணியில் நின்ற, மேற்கு நாடுகளை நாடிய யுஷ்சென்கோ பக்கம் வந்தார். 2004-ல் தேர்தல் மோசடியை எதிர்த்து மக்கள் திரண்ட ஆரஞ்சுப் புரட்சியில், பொரோஷென்கோவின் ஐந்தாம் சேனல் டிவிதான் கீவின் மைதானச் சதுக்கத்துக் கூட்டத்தை நாடு முழுக்கக் காட்டியது. 2009-ல் அதிபர் யுஷ்சென்கோவிடம் வெளியுறவு அமைச்சர், 2012-ல் அடுத்து அதிபரான அதே யானுகோவிச்சிடம் பொருளாதார அமைச்சர். எந்த ஆட்சி வந்தாலும் கடை நடந்தாக வேண்டும் என்ற வியாபாரியின் கணக்கைத்தான் இதில் பார்க்கிறேன்.

ஆனால் 2013 டிசம்பர் 1-ஐ அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. யானுகோவிச் ஆட்சிக்கு எதிராக மக்கள் திரண்டிருந்த நாள் அது. கீவில் அதிபர் அலுவலகம் இருக்கும் பான்கோவா தெருவில் முகமூடி போட்ட சிலர் போலீஸ் வரிசையை நோக்கி ஒரு மண்வாரி இயந்திரத்தை ஓட்டி வந்தார்கள். கோடீஸ்வரரான இந்த மனிதர் அதன்மேல் ஏறி, 'இது நம்மைச் சிக்கவைக்கிற வேலை, நிறுத்துங்கள்' என்கிற மாதிரி கத்தினார். கீழே இருந்த கூட்டம் அவரையே ஏசியது. யானுகோவிச் நாட்டை விட்டு ஓடிய பிறகு நடந்த தேர்தலில், 2014 மே 25-ல் ஏறக்குறைய 55 சதவீத வாக்குகளோடு முதல் சுற்றிலேயே அதிபரானார்.

கிரிமியா அதற்குள் ரஷ்யாவிடம் போயிருந்தது, கிழக்கே தொன்பாஸ் பகுதியில் ரஷ்ய ஆதரவுப் படைகளோடு சண்டை. நொறுங்கிக் கிடந்த ராணுவத்தை நிமிர்த்தும் வேலை அவர் காலத்தில்தான் சூடுபிடித்தது. 2017 ஜூனில் உக்ரைனியர்களுக்கு விசா இல்லாமல் ஐரோப்பா போகும் வழி திறந்தது. விசா அலுவலக வாசலில் காத்துக்கிடந்த எவருக்கும் இதன் அருமை தெரியும்.

இத்தனைக்கும் நடுவே ஒரு வாக்குறுதி அவரை விடாமல் துரத்தியது. ஜெயித்தால் ரோஷெனை விற்றுவிடுவேன் என்று சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார். விற்கவில்லை. பிள்ளைகள் கிழக்கே ரஷ்ய ஆதரவுப் படைகளோடு மோதிச் சாகும்போது, ரஷ்யாவின் லிபெட்ஸ்க் நகரில் அதிபருடைய ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடும் அறிவிப்பு 2017-ல்தான் வந்தது. வாங்க ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் போர்முனைக்கு அனுப்பிய தாய்க்கு அது பதிலாகுமா? 2019 அதிபர் தேர்தலின் கடைசிச் சுற்றில் ஜெலென்ஸ்கிக்கு 73 சதவீதம் விழுந்தது, இவருக்கு 24.

2022 ஜனவரியில், தேசத்துரோக வழக்கு காத்திருப்பது தெரிந்தே, வார்சாவிலிருந்து கீவ் திரும்பினார். அடுத்த மாதம் ரஷ்யப் படை நுழைந்தபோது ஓடவில்லை. கையில் துப்பாக்கியோடு கீவ் தெருவில் நின்று பேட்டி கொடுத்தார். அப்படிப்பட்டவர்மீது 2025 பிப்ரவரியில் ஜெலென்ஸ்கி அரசு பொருளாதாரத் தடை போட்டது. குற்றம் இருந்தால் நீதிமன்றத்தில் நிறுத்தட்டும். ஓர் எதிர்க்கட்சித் தலைவரின் சொத்தை ஆணை போட்டு முடக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை, விற்காத அந்தக் கம்பெனிமீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும்.