இன்னும் காயவில்லை

ஜூன் 4

விருப்ப ஓய்வுப் பணத்தில் முதல் செலவு எண்ணெய் வண்ணங்கள். சென்னை கவின் கலைக் கல்லூரியில் படித்து முடித்த கையோடு வங்கித் தேர்வு எழுதியவள் நான். அந்தக் காலத்தில் கட்டுப்படியானது மாணவர் தர டியூப்தான். நிறமி குறைவு, வெள்ளை கலந்தால் வெளிறிப் போகும். இந்த முறை ஓவியர் தரமே வாங்கினேன். காட்மியம் சிவப்பின் விலைக்கு இவர் ஒன்றும் சொல்லவில்லை. பில்லை மட்டும் இன்னொரு தடவை படித்தார்.

ஜூன் 9

கீழ் வீட்டு அக்கா வந்தார். "சும்மாதானே இருக்கே, ரேஷன் கடைக்கு வர்றியா?"

"வேலை இருக்குக்கா. படம் போடறேன்."

"அதான் கேட்டேன், சும்மாதானே!"

இனி பத்திலிருந்து ஒரு மணி வரை கதவு சாத்தியிருக்கும். போன் சமையலறையில்.

ஜூன் 15

கொடியில் காயும் அரக்குச் சேலையை வரைகிறேன். சேலை காய்ந்துவிட்டது, படம் காயவில்லை.

வங்கியில் சாயங்காலம் கணக்கு நேராக வேண்டும். பத்து ரூபாய் இடித்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. ஐந்து மணி நெருங்கினால் படத்தை முடித்துவிடத் துடிக்கிறது. நிறமியைக் குழைத்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் நீர் வண்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. நிறத்துக்கு நிறம் வேகமும் வேறு. அம்பர் என்ற பழுப்பு நிறத்தில் மாங்கனீசு இருப்பதால் சீக்கிரம் இறுகிவிடும். சேலை மடிப்பின் நிழலுக்குப் போட்ட அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்போ வாரம் தாண்டியும் விரலில் ஒட்டும். அடியில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம் என்பது விதி. மாற்றிப் போட்டால் மேல் பூச்சு முதலில் இறுகி, அடிப்பூச்சு அசைய, பிறகு வெடிக்கும். ஆக, காத்திருக்கத்தான் வேண்டும். ஃபேன் போட்டால் தூசி ஒட்டுகிறது. போடாவிட்டால் ஜூன் மாதச் சென்னையும் டர்பன்டைன் நெடியும். ஃபேனை அணைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் இன்னொரு கேன்வாஸைத் தொடங்கினேன்.

ஜூன் 22

சோழமண்டலம் போனோம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் இஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய ஓவியர் கிராமம். மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களை விற்று வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் தங்கள் படத்தை வரைந்தார்கள். கல்லூரியில் இதைக் கேட்டபோது காதில் வாங்கவில்லை. இன்று அந்தக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் கட்டங்கள், எண்கள், படிக்க முடியாத எழுத்துகள். பார்த்ததும் பழைய லெட்ஜர் ஞாபகம். கூட்டிப் பார்க்கக் கை பரபரத்தது. இவர் சிரித்தார்.

ஜூன் 30

தெருவில் இன்னமும் நான் 'பேங்க் மேடம்'. பாரீஸில் நகரச் சுங்கம் வசூலித்துவந்த ஹென்றி ரூசோ 1893-ல், 49 வயதில், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஓவியம் போட வந்தார். 'சுங்கக்காரர்' என்ற பட்டம் கடைசிவரை போகவில்லை. தாமதமாக வந்தவர்களுக்கு ஆறுதலாக அவர் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். பென்ஷன் போதாமல் அவர் வயலின் சொல்லிக்கொடுத்ததை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்தப் பகுதிதான் பிரயோஜனம். வயலின் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை தெருப் பிள்ளைகளுக்குக் கோட்டோவியம் சொல்லித்தரலாம். கீழ் வீட்டு அக்காவிடம் சொன்னேன். பேரனை அனுப்புகிறாராம். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டார், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.