ஃபால்ட் யாருடையது?

தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என் காதில் அதிகம் விழுந்த சொல் ‘ஃபால்ட்’. 198-க்கு அழைத்துப் புகார் சொன்னால் அது ஃபால்ட் புக்கிங். காலையில் லைன்களைச் சோதிக்கும் டெஸ்ட் டெஸ்க்கிலிருந்து சீட்டுகள் வரும். ‘டிஸ்’ என்று எழுதியிருந்தால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. ‘எர்த்’ என்றால் ஈரம் பட்டு மின்சாரம் மண்ணுக்குள் இறங்குகிறது. ‘லூப்’ என்றால் இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. மாலையில் திரும்பினால், “இன்னைக்கு எத்தனை ஃபால்ட் எடுத்தே?” என்பார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஃபால்ட் என்றால் எங்களுக்குப் பழுது, அவ்வளவுதான்.

அதே சொல் மேலதிகாரியின் மேசைக்குப் போனால் முகம் மாறிவிடும். ஒரு ஐப்பசி மழையில் ஒரு தெருவே ஊமையாகிவிட்டது. பழைய காகித உறைக் கேபிள் அது. செம்புக் கம்பிகளைச் சுற்றிக் காகிதம், அதற்கு மேல் ஈய உறை. ஊசிமுனை அளவு துளை இருந்தால் போதும், காகிதம் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும். மறுநாளே ஒரு மெமோ வந்தது: இது யாருடைய ஃபால்ட்?

அந்த மெமோவுக்குப் பிறகுதான் நான் அகராதியைப் புரட்டினேன். லத்தீனில் ‘ஃபல்லேரே’ என்றால் ஏமாற்றுவது, நம்பியவரைக் கைவிடுவது. அது பிரெஞ்சு வழியாக ‘ஃபோத்’ ஆகி இங்கிலாந்துக்குப் போனபோது முதலில் இல்லாமை, குறை என்றே பொருள்பட்டது. ஆள்மீது சுமத்துகிற குற்றம் என்ற பொருள் பிறகுதான் வலுத்தது. நடுவில் நிற்கும் ‘ல்’கூட இடையில் வந்ததுதான். லத்தீன் படித்தவர்கள் மூலச்சொல்லை நினைவூட்ட எழுத்தில் செருகினார்கள், வாய் மெல்லத்தான் வழிக்கு வந்தது. 1755-இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதி, பேச்சில் அந்த ‘ல்’ பெரும்பாலும் ஒலிப்பதில்லை என்கிறது. நம் ஆட்கள் ‘பால்ட்’ என்று அழுத்திச் சொல்வது அவருக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

நிலக்கரிச் சுரங்கக்காரர்களிடமும் இந்தச் சொல் இருந்தது. கரி அடுக்கைத் தொடர்ந்து வெட்டிக்கொண்டே போவார்கள். திடீரென்று கரி காணாமல் போய் வெறும் பாறை நிற்கும். பாறை பிளந்து நகர்ந்த அந்த இடம் அவர்களுக்கு ‘ஃபால்ட்’. நிலநடுக்கச் செய்திகளில் நாம் கேட்கும் சொல் அதுதான். அதிலும் குற்றவாளி யாருமில்லை.

ஃபெயில், ஃபால்ஸ் இரண்டும் இதன் உடன்பிறப்புகள் என்று படித்தபோது சட்டென்று நம் ‘பொய்’ நினைவுக்கு வந்தது. வாயால் சொன்னால் பொய். பெய்ய வேண்டிய மழை பெய்யாவிட்டால் பொய்த்தது. லத்தீன்காரன் ஒரு வேரில் கண்டதை நாமும் ஒரு வேரில் கண்டிருக்கிறோம். லைன் பொய்த்துவிட்டது என்று சீட்டில் எழுதியிருக்கலாம், பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ‘பழுது’ என்பதற்கும் அகராதியில் குற்றம் என்ற பொருள் உண்டு. ஆனால் பேச்சில் பழுது பொருளோடு நின்றுவிடும், குற்றம்தான் ஆளைத் தேடிப் போகும். ‘ஃபால்ட்’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

சரி, அந்த மழைக்கு வருகிறேன். பிரிட்ஜ் என்கிற அளவுக் கருவியை வைத்து அளந்து, தூரம் கணக்கிட்டு, சாலையோரம் குழி தோண்டினோம். கேபிள்களை இணைக்கும் மூத்த ஜாயிண்டர் ஒருவர், எல்லோருக்கும் அண்ணன், இணைப்பை மூடியிருந்த ஈயக் குழலைத் திறந்தார். ஈயப்பற்றில் ஒரு துளை. இரண்டு மாதத்துக்கு முன்னால் பொழுது சாய்கிற அவசரத்தில் அதைப் பற்றவைத்தது நான்தான். அவருக்கும் தெரியும், அன்று பக்கத்தில் இருந்தவர். ஒன்றும் பேசாமல் மெழுகைக் காய்ச்சினார். சூடான மெழுகை ஊற்ற ஊற்றக் காகிதத்திலிருந்த ஈரம் நுரைத்து வெளியேறியது. நுரை நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

“அண்ணே, மெமோவுக்கு என்ன எழுதறது?”

“மழைன்னு எழுது தம்பி. அதுக்கு இன்க்ரிமென்ட்டை வெட்ட முடியாது.”

அப்படியே எழுதிக் கொடுத்தேன். அப்புறம் பற்றவைக்கும் கட்டையை என் கையில் கொடுத்து, இந்த முறையும் என்னையே மூடச் சொன்னார். மூடி முடித்ததும் சைக்கிள் பம்பால் காற்றடித்து, சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்தோம்.