ஆல்ப்ஸைச் சுற்றி ஒரு மாதம், ஓட்டுநர் ஒருவர் மட்டும்

ஐரோப்பாவில் ஒரு மாதம் தனியாகக் கார் ஓட்டத் திட்டமிடுபவர்களில் பலர் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக், ரோம் என்று பெருநகரங்களையே வரிசையாக எழுதுகிறார்கள். அந்த வரிசைக்கு ரயில்தான் சரி. பெருநகரத்துக்குள் கார் ஒரு சுமை. நிறுத்த இடம் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை அதிகம், பாதித் தெருக்களில் நுழையவே முடியாது. ரயில் எட்டாத மலைக்கணவாய்களுக்கும் ஏரிக்கரைகளுக்கும் சிற்றூர்களுக்கும்தான் கார் வேண்டும். அதனால் நான் பரிந்துரைப்பது மியூனிக்கில் எடுத்து மியூனிக்கிலேயே திருப்பிக் கொடுக்கும் ஒரு வட்டப் பாதை. ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் வாடகைக்கு மேல் பல நூறு யூரோ கேட்பார்கள். வட்டமாக வந்தால் அது மிச்சம்.

பாதை இது: ஜெர்மனியின் மியூனிக், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், கிராஸ்க்ளாக்னர் மலைச்சாலை, லீன்ஸ், வில்லாக், ஸ்லோவேனியாவின் கிரான்ஸ்கா கோரா, வ்ர்ஷிச் கணவாய், சோச்சா பள்ளத்தாக்கு, கோபரிட். பிறகு இத்தாலியில் உதினே, கோர்த்தினா, போல்சானோ, ஸ்டெல்வியோ, லிவிஞோ. அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ், ஆண்டர்மாட், இன்டர்லாக்கன், பேர்ன், பாசல். கடைசியாக பிரான்ஸின் அல்சாஸ் பகுதியிலுள்ள கோல்மார், ஜெர்மனியின் ஃப்ரைபர்க், கருங்காடு எனும் மலைப்பகுதி, மீண்டும் மியூனிக். பாதை மட்டும் 2000 கி.மீ.க்குச் சற்று மேல் வரும். அங்கங்கே சுற்றுவதையும் சேர்த்தால் 3000. ஒரு மாதத்துக்கு இது குறைவு என்று தோன்றும், ஆனால் தனியாக ஓட்டுபவருக்கு இதுவே அளவு. மலைச்சாலையில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தால் ஐந்தாவது மணியில் கவனம் தளரும், மாற்றி ஓட்ட ஆள் இல்லை. ஒரு நாள் ஓட்டம், ஒன்றிரண்டு நாள் தங்கல் என்று வைத்தால் பன்னிரண்டு ஊர்களுக்குள் மாதம் நிறைந்துவிடும்.

இருவர் போனால் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பலகை படிப்பார், சுங்கச்சாவடிக்குச் சில்லறை எடுப்பார், வாகன நிறுத்துமிடம் தேடுவார். தனியாகப் போகிறவர் அந்த இரண்டாம் ஆளின் வேலையை எஞ்சினைக் கிளப்பும் முன்பே முடித்துவிட வேண்டும். கீழே வருவதெல்லாம் அந்த வேலைதான்.

முதலில் காகிதங்கள். இந்தப் பாதையிலுள்ள ஆறு நாடுகளும் ஷெங்கன் எல்லைக்குள் இருப்பவை, ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போய் நிற்கக் கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்தே வைத்திருங்கள். உரிமம் இல்லாமல் அனுமதி மட்டும் செல்லாது. வாடகை நிறுவனம் அதைக் கேட்காமலே சாவி கொடுத்துவிடலாம், ஆனால் ஆஸ்திரியாவிலோ இத்தாலியிலோ காவலர் நிறுத்தினால் கேட்பார்.

கார் எடுக்கும்போது பணம் கரைவது பெரும்பாலும் காப்பீட்டில்தான். அடிப்படை வாடகையில் சேதக் காப்பீடு இருக்கும், ஆனால் முதல் ஆயிரம் யூரோவோ அதற்கு மேலோ உங்கள் பொறுப்பு. டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி ஆகியவை பல ஒப்பந்தங்களில் காப்பீட்டுக்குள்ளேயே வராது. மலைச்சாலையில் அடிபடுவதோ அவைதான். கவுன்டரில் விற்கும் கூடுதல் காப்பீட்டைவிட, இந்தப் பொறுப்புத்தொகையை ஈடுகட்டும் தனிக் காப்பீட்டை முன்கூட்டியே வாங்குவது மலிவு. முன்பணத்தைப் பிடித்துவைக்க ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும், டெபிட் கார்டைப் பல இடங்களில் ஏற்பதில்லை. போகும் நாடுகளை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதாத நாட்டில் விபத்து நடந்தால் காப்பீடு நிற்காது. மாத வாடகையில் கி.மீ. வரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளம்பும் முன் நான்கு சக்கர விளிம்புகள், முன்கண்ணாடி, கூரை, எரிபொருள் முள் எல்லாவற்றையும் ஒரே காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்றே காரை எடுக்காதீர்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வலப்பக்கச் சாலையில் நேராகப் போகும்போது சிக்கல் வராது. காலையில் ஆளில்லாத தெருவில் முதல் திருப்பம் எடுக்கும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும்தான் கை பழைய பக்கத்துக்குப் போகும். ரவுண்டானாவில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். மஞ்சள் வைரப் பலகை இருக்கும் சாலையில் முன்னுரிமை உங்களுக்கு. எந்தப் பலகையும் இல்லாத ஊர்ச் சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும், அவர் வருவது சின்னச் சந்தாக இருந்தாலும்.

நெடுஞ்சாலைக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறு. ஜெர்மனியில் கார்களுக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்திரியாவுக்கு வின்யெட் எனும் சாலை வில்லை தேவை. ஒரு நாள், 10 நாள், இரண்டு மாதம், ஓராண்டு என்று கிடைக்கும். சுவிட்சர்லாந்தில் ஆண்டு வில்லை மட்டும்தான், ஒரே நாள் ஓட்டினாலும் 40 ஃபிராங்க். ஸ்லோவேனியாவில் வார வில்லை உண்டு, நெடுஞ்சாலையில் ஏறாமல் வ்ர்ஷிச் வழியே கடந்தால் அதுவும் வேண்டாம். இணையத்தில் வாங்கும் மின்வில்லை காரின் நம்பர் பிளேட்டோடு இணைக்கப்படுவது, அதனால் காரைக் கையில் வாங்கிய பிறகே வாங்க முடியும். ஓர் எழுத்து தவறினாலும் வில்லை இல்லாத கார் என்றே கேமரா கருதும். அரசு சாலை நிறுவனங்களின் தளத்தில் மட்டும் வாங்குங்கள், தேடலில் முதலில் வரும் பல தளங்கள் அதே வில்லைக்குக் கூடுதல் காசு வாங்கும் இடைத்தரகர்கள். கிராஸ்க்ளாக்னர் மலைச்சாலை வில்லையில் அடங்காது, அதற்குத் தனியாக 40 யூரோவுக்கு மேல்.

இத்தாலியில் நுழைவில் சீட்டு எடுத்து வெளியேறும் இடத்தில் பணம் கட்டும் முறை. தானாகக் கட்டணம் செலுத்தும் கருவி பொருத்திய கார்களுக்கான மஞ்சள் டெலிபாஸ் தடத்தில் மட்டும் நுழையாதீர்கள். தவறி நுழைந்துவிட்டால் பின்னால் எடுக்கவே கூடாது, அது பெரிய குற்றம். உதவிப் பொத்தானை அழுத்தினால் ஒரு ரசீது வரும், 15 நாளுக்குள் கட்டிவிடலாம்.

அபராதத்தில் மிக அதிகம் பேர் மாட்டுவது இத்தாலிய ஊர்களின் இசட்.டி.எல். என்ற, அனுமதியில்லாத வண்டிகள் நுழையக் கூடாத தடைப்பகுதியில். வெள்ளை வட்டம், சிவப்பு விளிம்பு, பக்கத்தில் கேமரா. மின்பலகையில் ‘வார்க்கோ அத்தீவோ’ என்று எரிந்தால் தடை நடப்பில் இருக்கிறது, நுழையாதீர்கள். நடுவில் ‘நோன்’ வந்தால்தான் போகலாம். விடுதி உள்ளே இருந்தால், போகும் முன்பே நம்பர் பிளேட்டை அனுப்பிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வழிகாட்டும் செயலி இந்தப் பகுதியைத் தவிர்க்கும் என்று நம்ப முடியாது.

வாகன நிறுத்தக் கோடுகளின் நிறமும் எல்லை தாண்டினால் பொருள் மாறும். இத்தாலியில் நீலம் கட்டணம், வெள்ளை இலவசம். சுவிட்சர்லாந்தில் வெள்ளைக்குப் பெரும்பாலும் கட்டணம், நீலத்துக்கு நேர வட்டு, அதாவது வந்த நேரத்தைக் காட்டும் அட்டை. மஞ்சள் இரு நாட்டிலும் உங்களுக்கானதல்ல. நேர வட்டை நீங்கள் வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக்குத் திருப்பி, முன்கண்ணாடியில் தெரியும்படி வைக்க வேண்டும்.

இனி மலைகள். இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான். கிராஸ்க்ளாக்னர் சாலை 1935இல் திறக்கப்பட்டது. 48 கி.மீ. நீளம், 36 கொண்டை ஊசி வளைவுகள், ஹோக்டோர் உச்சியில் 2504 மீட்டர். கைசர் ஃப்ரான்ஸ் யோசஃப் மேடை வரை போனால் ஆஸ்திரியாவின் நீளமான பனியாறான பாஸ்டர்ஸே கண்ணெதிரே கிடக்கும். இதற்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள். வ்ர்ஷிச் கணவாய் 1611 மீட்டர்தான், ஆனால் 50 வளைவுகளுக்கும் எண் போட்டிருக்கிறார்கள், கிரான்ஸ்கா கோரா பக்கத்து வளைவுகளில் கல் பாவியிருக்கிறது, மழையில் வழுக்கும். முதல் உலகப்போரில் ரஷ்யப் போர்க்கைதிகளைக் கொண்டு போட்ட சாலை இது. 1916 மார்ச்சில் பனிச்சரிவில் இறந்தவர்களின் நினைவாக எட்டாம் வளைவருகே மரத்தாலான சிறிய தேவாலயம் இருக்கிறது. அங்கே அவசியம் நிறுத்தி இறங்குங்கள்.

ஸ்டெல்வியோ 2757 மீட்டர். பிராட்டோ பக்கமாக ஏறினால் 48 வளைவுகள். அந்தப் பக்கமாக ஏறுவதே நல்லது, காலை எட்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். பிறகு மோட்டார் சைக்கிள்களும் சைக்கிள்களும் நிறைந்துவிடும். ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் வண்டியை முன்கூட்டியே மேலே பார்த்துக்கொள்ளுங்கள், வளைவுக்குள் இருவரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் ஒருவர் பின்வாங்க நேரும். இறங்கும்போது இரண்டாம் கியர், ஆட்டோமேட்டிக் என்றால் கைமுறை நிலையில் தாழ்ந்த கியர். பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் தகடு சூடேறிப் பிடிமானம் குறையும். கருகல் வாசனை வந்தால் ஒதுங்கி நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தகடு கோணும். சுவிட்சர்லாந்தில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு இருந்தால் அது அஞ்சல் பேருந்துத் தடம். பேருந்து ஓட்டுநர் சொல்கிறபடி ஒதுங்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னாலும் எடுக்க வேண்டும்.

போகும் காலம் ஜூன் பிற்பாதி அல்லது செப்டம்பர். என் தேர்வு செப்டம்பர்: விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், கணவாய்கள் திறந்திருக்கும். இருந்தாலும் 2500 மீட்டருக்கு மேல் ஒரே இரவில் பனி விழுந்து சாலை மூடிவிடலாம். மாற்று வழியை முன்பே குறித்துவையுங்கள். ஸ்டெல்வியோ மூடினால் முஸ்டைர் வழியே ஓஃபன் கணவாய். செயின்ட் மோரிட்ஸுக்கும் இன்டர்லாக்கனுக்கும் இடையிலுள்ள ஓபரால்ப், ஃபுர்கா, கிரிம்சல் கணவாய்கள் மூடினால் யூலியர் கணவாய் வழியே கூர் நகருக்குப் போய் நெடுஞ்சாலை. ஓஃபனும் யூலியரும் குளிர்காலத்திலும் திறந்து வைக்கப்படுபவை.

எரிபொருளைப் பெயர் பார்த்து ஊற்றாதீர்கள், குறி பாருங்கள். பெட்ரோலுக்கு வட்டத்துக்குள் இ5 அல்லது இ10, டீசலுக்குச் சதுரத்துக்குள் பி7. டேங்க் மூடியிலும் அதே குறி இருக்கும். ஆளில்லாத பங்கில் கார்டு போட்டால் நூறு யூரோவோ அதற்கு மேலோ தற்காலிகமாகப் பிடித்துவைத்துச் சில நாள் கழித்து விடுவிப்பார்கள். கணக்கில் இருப்பு குறைவாக இருந்தால் அன்றைய விடுதிக்குக் கையைக் கடிக்கும். இத்தாலியில் ‘செர்வீத்தோ’ என்ற பம்பில் ஆள் ஊற்றுவார், விலை கூடுதல். லிவிஞோ சுங்க விலக்குப் பகுதி என்பதால் எரிபொருள் மலிவு. டேங்கை அங்கே நிரப்பிக்கொண்டு ஃபோர்கோலா கணவாய் வழியே சுவிட்சர்லாந்துக்குள் இறங்கலாம், அந்தக் கணவாய் கோடையில் மட்டும் திறந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தில் வேகத்தில் விளையாடாதீர்கள். ஊருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120. ஊருக்குள் 5 கி.மீ. வரை மீறினாலே 40 ஃபிராங்க், அதற்கு மேல் வேகமாக ஏறும். ஐரோப்பிய ஒன்றியத்து சிம் கார்டின் ரோமிங் அங்கே தானாகச் செல்லாது, வரைபடத்தை முந்தைய இரவே தரவிறக்கிவிடுங்கள்.

ஜெர்மனி, ஆஸ்திரியா நெடுஞ்சாலையில் நெரிசல் வந்தால் இடத் தடத்தில் இருப்பவர் இட ஓரம், மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்கி நடுவில் மீட்பு வண்டிக்கு வழி விட வேண்டும். வண்டிகள் நின்ற பிறகு அல்ல, ஊர்ந்து போகத் தொடங்கும்போதே. கார் நின்றுபோனால் ஒளிரும் மேலங்கியை அணிந்த பிறகே இறங்குங்கள், அதனால் அது டிக்கியில் அல்ல, இருக்கை அருகில் இருக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டுத் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நின்று 112ஐ அழையுங்கள். மோதல் என்றால் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் கைகொடுக்கும். எல்லா மொழியிலும் கட்டங்கள் ஒரே வரிசையில் இருப்பதால், உங்கள் மொழியில் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் படிக்கலாம். புரியாத வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியாக இருப்பவரை ஓய்விடங்களில் குறிவைப்பதும் உண்டு. டயரில் காற்றில்லை என்று ஒருவர் காட்டி, நீங்கள் இறங்கிப் பார்க்கும்போது இன்னொருவர் பையை எடுத்துவிடுவார். இறங்கினால் கதவைப் பூட்டிவிட்டு இறங்குங்கள், கடவுச்சீட்டு உடம்போடு இருக்கட்டும்.

கோல்மாரிலிருந்து ரைன் நதியைக் கடந்து ஃப்ரைபர்க், பிறகு பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஸ்டாட் வரை பி500 என்ற கருங்காட்டு மலைச்சாலை, சுமார் 60 கி.மீ. இதை அவசரமில்லாத வேலைநாளில் ஓட்டுங்கள், ஞாயிறு மோட்டார் சைக்கிள்காரர்களுடையது. மியூனிக்கில் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு அருகிலேயே டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், முதல் நாள் எடுத்த அதே காணொளியை மறுபடி எடுங்கள், அலுவலகம் திறந்திருக்கும் நேரத்தில் ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடும்படி கொடுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அபராத அறிவிப்பை அனுப்ப இத்தாலிக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. அதுவரை ஒப்பந்தம், வில்லை ரசீதுகள், விடுதி அனுப்பிய தடைப்பகுதிப் பதிவுச் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.